‘நீ என்ன வக்கீலா?’: உரிமமின்றி வழக்காடுவதைத் தடுக்கும் சட்டமும் சேரிக்குத் துணைநிற்போரும்

திங்கட்கிழமைதோறும் திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்காலில் உள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுக்களோடு வரும் தலித் மக்களில் பலர் தனியே வருவதில்லை. பட்டா, சுடுகாட்டுப் பாதை, தொகுப்பு வீடு, குடிநீர் என எந்தக் குறையானாலும், அதை எழுத்தில் வடித்துத் தரவும் எந்த அலுவலரிடம் கொடுக்க வேண்டும் என்று வழிகாட்டவும் உடன் ஒருவர் வருகிறார். அவர் கல்லூரி படித்த ஊர் இளைஞராக இருக்கலாம். ஓய்வுபெற்ற ஆசிரியராகவோ இயக்கத் தோழராகவோ இருக்கலாம். சாதி வன்கொடுமை நிகழ்ந்த இரவில் பாதிக்கப்பட்டவரைக் காவல் நிலையத்துக்கு அழைத்துச் செல்பவரும் பெரும்பாலும் அவரே. அங்கே அவர் எதிர்கொள்ளும் முதற் கேள்வி குற்றத்தைப் பற்றியதாக இருப்பதில்லை. ‘நீ என்ன வக்கீலா?’ என்பதே அந்தக் கேள்வி.

வெறும் ஏளனமாகத் தோன்றினாலும் இக்கேள்விக்குள் ஓர் அச்சுறுத்தல் இருக்கிறது. உரிமம் இல்லாமல் வழக்கறிஞர் தொழில் செய்வது இந்நாட்டில் தண்டனைக்குரிய குற்றம். 2024 செப்டம்பர் 30 முதல், நீதிமன்றத் தரகர்களுக்கு எதிரான புதிய பிரிவு ஒன்றும் வழக்கறிஞர்கள் சட்டத்தில் நடைமுறைக்கு வந்துள்ளது. இந்தச் சட்டங்கள் யாரைத் தடுக்கின்றன, யாரைத் தடுக்கவில்லை என்பதைத் தெளிவாக அறிந்துகொள்வது தலித் இயக்கங்களுக்கு இன்று அவசரத் தேவையாகிவிட்டது. ஏழைகளை ஏமாற்றுவோரிடமிருந்து காக்க எழுதப்பட்ட ஒரு சட்டம், ஏழைகளுக்குத் துணைநிற்போரை விரட்டும் கோலாக மாறிவிடக் கூடாது.

சட்டம் தடுப்பது எதை?

1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம், 29ஆம் பிரிவில் வழக்காடும் தொழிலுக்கு உரியவர்கள் வழக்கறிஞர்கள் என்ற ஒரே வகுப்பினர்தாம் என்கிறது. வழக்கறிஞராகப் பதிவு செய்யாத எவருக்கும் நீதிமன்றத்திலோ எந்த அதிகார அமைப்பின் முன்போ தொழில் புரியும் உரிமை இல்லை என்கிறது 33ஆம் பிரிவு. மீறுவோருக்கு ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை என்பது 45ஆம் பிரிவு.

33ஆம் பிரிவின் தொடக்கச் சொற்களைப் பலரும் படிக்காமல் கடந்துவிடுகிறார்கள். இந்தச் சட்டத்திலோ, நடைமுறையில் உள்ள வேறு எந்தச் சட்டத்திலோ வேறுவகையாகக் கூறப்பட்டிருந்தால் தவிர என்றுதான் அப்பிரிவு தொடங்குகிறது. அதாவது தடை முழுமையானதன்று; பிற சட்டங்கள் வழி திறந்துவிட்டால் அந்த வழி செல்லும். 32ஆம் பிரிவோ, ஒரு குறிப்பிட்ட வழக்கில் வழக்கறிஞர் அல்லாத எவரையும் முன்னிலையாக அனுமதிக்கும் அதிகாரத்தை நீதிமன்றத்துக்கே வழங்குகிறது. 1978இல் ஹரிசங்கர் ரஸ்தோகி வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இதையே விளக்கினார். வழக்கறிஞர் அல்லாதவருக்குப் பிறருக்காக வாதாடும் உரிமை கிடையாது. ஆனால் நீதிமன்றம் சூழலைக் கருதி அனுமதி தரலாம், தந்த அனுமதியைத் திரும்பப் பெறவும் செய்யலாம்.

‘தொழில் புரிதல்’ என்றால் என்ன என்று 1961ஆம் ஆண்டுச் சட்டம் விளக்கவில்லை. 2018இல் ஏ.கே. பாலாஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை விரிவாகப் பொருள்கொண்டது. நீதிமன்றத்தில் வாதாடுவது மட்டுமின்றி, சட்ட ஆலோசனை தருவதும் ஆவணங்கள் வரைவதும் தொழிலின் பகுதியே என்றது. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து சென்ற அவ்வழக்கு, வெளிநாட்டுச் சட்ட நிறுவனங்கள் இந்தியாவில் தொழில் செய்வதைப் பற்றியது. பன்னாட்டு வணிக ஒப்பந்தங்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட அந்த வரிகளை, சேரித் திண்ணையில் அமர்ந்து மனு எழுதும் ஒருவர்மீது சுமத்த முயல்வோர் நாளை தோன்றலாம். தொழில் என்பதற்கும் துணை என்பதற்கும் இடையே உள்ள வேறுபாட்டை இப்போதே உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டியது அதனால்தான்.

சட்டம் தேவைதான்

உரிமச் சட்டமே வேண்டாம் என்பது நம் வாதம் அன்று. போலி வழக்கறிஞரால் முதலில் பாதிக்கப்படுபவர் வசதி படைத்தவர் அல்லர். அவருக்குக் குடும்ப வழக்கறிஞர் இருப்பார். நீதிமன்ற வளாகத்தில் யாரிடம் போவது என்று தெரியாமல் நிற்கும் கூலித் தொழிலாளியே கறுப்புக் கோட்டை நம்பிக் காசைக் கொடுத்து, வாய்தா தவறி, பிடியாணைக்கு ஆளாகிறார். வன்கொடுமை வழக்குகளில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். பாதிக்கப்பட்டோருக்கு அரசு வழங்கும் தீருதவித் தொகை சட்டப்படியான உரிமை. அதைப் பெற எந்தத் தரகருக்கும் பங்கு கொடுக்கத் தேவையில்லை. அந்தத் தொகையில் ஒரு பகுதியை ‘செலவுக்கு’ என்று கேட்பவர் கறுப்புக் கோட்டு அணிந்தவராக இருந்தாலும், நம் கொடியையே பிடித்தவராக இருந்தாலும், அவர் சுரண்டல்காரர்தான்.

போலிகள் பெருகியிருப்பதை நீதித்துறையும் அறியும். வழக்கறிஞர்களின் சான்றிதழ்களைச் சரிபார்க்க இந்திய பார் கவுன்சில் 2015இல் விதிகள் வகுத்தது. அப்பணியை மேற்பார்வையிட 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி தீபக் குப்தா தலைமையில் குழு அமைத்தது. இவை வரவேற்கத்தக்க நடவடிக்கைகள். கேள்வி எழுவது அடுத்த படியில்தான்.

‘பொதுப் பெயர்’ என்னும் பொறி

1879ஆம் ஆண்டின் காலனியச் சட்டத்தில் இருந்த தரகர் ஒழிப்புப் பிரிவை, 2023ஆம் ஆண்டின் திருத்தம் 45ஏ என்ற எண்ணில் வழக்கறிஞர்கள் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. இதன்படி உயர் நீதிமன்றமும் மாவட்ட, அமர்வு நீதிபதிகளும் மட்டுமல்லர், மாவட்ட ஆட்சியரும் தரகர்களின் பட்டியலைத் தயாரித்து வெளியிடலாம். பட்டியலில் உள்ளவரை நீதிமன்ற வளாகத்துக்குள் வரவிடாமல் தடுக்கலாம். பட்டியலில் இடம்பெற்ற பிறகும் தரகராகச் செயல்படுவோருக்கு மூன்று மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

தரகர் என்றால் யார்? கைம்மாறு பெற்றுக்கொண்டு வழக்கறிஞருக்கு வழக்குப் பிடித்துத் தருபவர். அந்த நோக்கத்தோடு நீதிமன்ற வளாகங்களிலும் வருவாய்த்துறை அலுவலகங்களிலும் அடிக்கடி நடமாடுபவரும் இதில் அடங்குவார். ஒருவர் தரகர்தான் என்பதற்கு நேரடிச் சான்று தேவையில்லை. அவரைப் பற்றிய ‘பொதுப் பெயர்’ கூடச் சான்றாகக் கொள்ளப்படும்.

சாதிச் சமூகத்தில் ஒருவருக்குப் பொதுப் பெயரை யார் சூட்டுகிறார்கள்? ஊர்த்தெருவில் நிலமும் கடையும் கோயில் தர்மகர்த்தா பதவியும் வைத்திருப்போரின் சொல் ‘ஊர்ச்சொல்’ ஆகிறது. சேரியிலிருந்து ஒருவர் வாரந்தோறும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் போய்வந்தால், சேரியில் அவருக்குப் பெயர் ‘தலைவர்’. ஊரில் அவருக்குப் பெயர் ‘கேஸ் போடுகிறவன்’. இவ்விரண்டில் எந்தப் பெயர் பட்டியல் தயாரிப்போர் காதில் முதலில் விழும் என்பதை விளக்கத் தேவையில்லை.

சட்டத்திலேயே இதற்கு இரண்டு தடுப்புகள் இருக்கின்றன. ஒன்று, கைம்மாறு. காசு வாங்காத துணை தரகு ஆகாது. மற்றொன்று, பட்டியலில் பெயரைச் சேர்க்கும் முன் காரணம் கேட்டு வாய்ப்பு அளித்தாக வேண்டும். இவ்விரு தடுப்புகளையும் நம் செயற்பாட்டாளர்கள் ஒவ்வொருவரும் மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும்.

தென்முடியனூர் காட்டிய வழி

துணைநிற்போர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை உணர இம்மாவட்டத்திலேயே சான்று உண்டு. தண்டராம்பட்டு வட்டம் தென்முடியனூரில், இந்து சமய அறநிலையத் துறையின் கட்டுப்பாட்டில் உள்ள முத்துமாரியம்மன் கோயிலுக்குள் 2023 ஜனவரி 30 அன்று தலித் மக்கள் நுழைந்தனர். 80 ஆண்டுகளாக அவர்களுக்கு அந்த வாசல் மறுக்கப்பட்டிருந்தது. ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் முன்னிற்க, பெரும் காவல்படைப் பாதுகாப்போடு அந்த நுழைவு நடந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் செல்லங்குப்பம் மாரியம்மன் கோயிலிலும் காவல்துறைப் பாதுகாப்போடு தலித் மக்கள் வழிபட்டனர்.

சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவு அனுமதிச் சட்டம் நிறைவேறியது 1947இல். வழிபாட்டிடத்தில் நுழைவதைத் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழும் குற்றம். சட்டம் புத்தகத்தில் இருந்த அத்தனை ஆண்டுகளும் கோயில் வாசல் மூடியே இருந்தது. அதைத் திறக்கவைத்தவை மனுக்களும் அதிகாரிகள் முன்னிலையில் நடந்த பேச்சுவார்த்தைகளும் மக்களின் உறுதியும்தாம். தலித் மக்களின் சட்டப் போராட்டத்தில் பெரும்பகுதி நீதிமன்றத்துக்கு வெளியே நடப்பது. பஞ்சமி நிலத்தின் பழைய பதிவேட்டைத் தேடி எடுப்பது, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போடுவது, முதல் தகவல் அறிக்கையில் உரிய பிரிவுகள் சேர்க்கப்பட்டனவா என்று பார்ப்பது, சேர்க்காவிட்டால் கண்காணிப்பாளருக்கு எழுதுவது என்று அது நீளும். இவற்றுள் எதற்கும் வழக்கறிஞர் உரிமம் தேவையில்லை. ஆனால் இவற்றுள் ஒவ்வொன்றுக்கும் விவரம் அறிந்த ஒருவரின் துணை தேவை.

துணை பெறுவது சலுகையன்று, உரிமை

அந்தத் துணையைச் சட்டமே உரிமையாக எழுதிவைத்திருக்கிறது என்பதுதான் நம்மில் பலர் அறியாத செய்தி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் சேர்க்கப்பட்ட 15ஏ பிரிவின் 12ஆம் உட்பிரிவு, பாதிக்கப்பட்டோரும் அவர்களைச் சார்ந்தோரும் தொண்டு நிறுவனங்கள், சமூகப் பணியாளர்கள் அல்லது வழக்கறிஞர்களின் உதவியைப் பெறுவது அவர்களது உரிமை என்கிறது. வழக்கறிஞரும் சமூகப் பணியாளரும் அங்கே ஒரே வரியில் நிற்கிறார்கள். இச்சட்டத்தின் 1995ஆம் ஆண்டு விதிகளில் 11ஆவது விதி, பெண்கள், சிறார், 60 வயதைக் கடந்தோர் போன்றோர் தாம் விரும்பும் ஒருவரைத் துணைக்கு அழைத்துவரவும் இடமளிக்கிறது. பிற சட்டங்களோடு முரண்பட்டால் இச்சட்டமே மேலோங்கும் என்பது 20ஆம் பிரிவு. வழக்கறிஞர்கள் சட்டத்தின் 33ஆம் பிரிவு ‘வேறு சட்டத்தில் கூறப்பட்டிருந்தால் தவிர’ என்று விட்டுவைத்த வாசல் இதுவே.

இதன் எல்லையையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். ‘உதவி’ என்ற சொல் வாதாடும் உரிமையைத் தந்துவிடாது. நீதிமன்றத்தில் எழுந்து பேச வேண்டுமானால் வழக்கறிஞராக இருக்க வேண்டும், அல்லது 32ஆம் பிரிவின் கீழ் நீதிபதியின் அனுமதி வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் ‘வாதிடுநர்’ என்ற சொல்லுக்குள், நீதிமன்ற அனுமதியோடு நியமிக்கப்படும் பிறரையும் அடக்கியிருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, தன் விருப்பப்படி ‘வழக்கறிஞர்’ மூலம் வாதாடும் உரிமை என்றே பேசுகிறது. வாசல் குறுகிவருகிறது. எனவே எஞ்சியிருக்கும் வாசலைத் தெரிந்து பயன்படுத்துவது இன்னும் முக்கியமாகிறது.

பிணை மனு வரும்போது பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும், அவர் சொல்வதைக் கேட்க வேண்டும் என்பதும் அதே 15ஏ பிரிவின் கட்டளை. 2021 அக்டோபரில் ஹரிராம் பாம்பி வழக்கில், அந்தக் கட்டளை மீறப்பட்டதைச் சுட்டிக்காட்டி, ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் வழங்கிய பிணையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனால் அறிவிப்பு வந்தால் அதைப் படித்துப் பொருள் சொல்லவும், உரிய நாளில் உரிய நீதிமன்ற அறைக்கு அழைத்துச் செல்லவும் ஒருவர் வேண்டும். துணைநிற்பவரை மிரட்டி விலக்கிவிட்டால், உரிமை தாளில் மட்டும் இருக்கும், பிணை கிடைத்துவிடும்.

பிறருக்கு ஒரு நியாயம், நமக்கு ஒரு நியாயமா?

வழக்கறிஞர் அல்லாதோர் பிறர் சார்பில் பேசுவது இந்நாட்டுக்குப் புதிதன்று. 1947ஆம் ஆண்டின் தொழிற்தகராறுச் சட்டம், தொழிலாளி தன் சங்கத்தின் நிர்வாகி மூலம் வாதிட இடமளித்தது. வழக்கறிஞர் வருவதற்குத்தான் எதிர்த்தரப்பின் ஒப்புதலும் தீர்ப்பாயத்தின் அனுமதியும் தேவைப்பட்டன. நுகர்வோர் மன்றங்களில் வழக்கறிஞர் அல்லாத முகவர்களும் முன்னிலையாகலாம் என்று 2011இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வருமான வரி அதிகாரிகள் முன் பட்டயக் கணக்காளர் வாதிடுகிறார். முதலாளியின் கணக்கைப் பேச ஒருவர் வரும்போது எழாத கேள்வி, சேரிக்காரரின் காயத்தைப் பேச ஒருவர் வரும்போது மட்டும் எழுகிறது.

தொழில் ஒழுங்குக்கான சட்டங்கள் உரிமை இயக்கங்கள் மேல் பாய்ந்த வரலாறு பிற நாடுகளிலும் உண்டு. அமெரிக்காவில் பள்ளிகளில் நிறப் பாகுபாடு செல்லாது என்று 1954இல் தீர்ப்பு வந்தபின், அத்தீர்ப்பைச் செயல்படுத்தக் கோரி கறுப்பின மக்களின் வழக்குகளை ஒழுங்கமைத்தது என்.ஏ.ஏ.சி.பி. என்ற அமைப்பு. விர்ஜீனியா மாநிலம் 1956இல், வழக்குப் பிடிப்பதைத் தடுக்கும் தன் சட்டத்தை விரித்து அந்த அமைப்பின் மீது பாயவிட்டது. 1963இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்தது. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு வழக்கு என்பது வெறும் தனிப்பட்ட தகராறைத் தீர்க்கும் வழியன்று, அரசியல் வெளிப்பாட்டின் ஒரு வடிவம் என்றது. 1969இல் டென்னசி சிறைக்கைதி ஒருவரின் வழக்கில், கைதிகளுக்கு மாற்று ஏற்பாடு எதையும் செய்துதராத அரசு, ஒருவருக்கொருவர் மனு எழுதித் தருவதைத் தடை செய்ய முடியாது என்றும் தீர்ப்பளித்தது. நம் அரசுக்கும் அந்தக் கேள்வியை வைக்கலாம்: மாற்று என்ன?

உரிமம் யார் கையில்?

மாற்று இருக்கிறது என்று அரசு சொல்லும். சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி, பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி பெறத் தகுதியுடையோர். இந்த வாய்ப்பை நம் மக்கள் தயங்காமல் பயன்படுத்த வேண்டும். ஆனால் நம் வலி அறிந்த வழக்கறிஞர்கள் போதிய எண்ணிக்கையில் இருந்தால்தான் அந்த உதவிக்கு உயிர் வரும். அங்கேதான் உரிமத்தின் விலை குறுக்கே நின்றது.

வழக்கறிஞராகப் பதிவு செய்யப் பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய் என்பதே சட்டம் விதித்த கட்டணம். நடைமுறையில் மாநில பார் கவுன்சில்கள் பல்வேறு பெயர்களில் 15,000 ரூபாய் முதல் 42,000 ரூபாய் வரை வசூலித்துவந்தன. 2024 ஜூலை 30 அன்று கௌரவ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சட்டவிரோதம் என்று அறிவித்தது. விளிம்புநிலைச் சமூகத்தினரைத் தொழிலிலிருந்து விலக்கிவைக்கும் இந்த வசூல் உண்மையான சமத்துவத்துக்கு எதிரானது என்றும் கூறியது. ஆனால் ஏற்கெனவே வசூலித்த பணத்தைத் திருப்பித் தரத் தேவையில்லை என்றும் அத்தீர்ப்பு விலக்களித்துவிட்டது. சட்டத்தை மீறி வாயிலில் வரி வசூலித்தவர்களே, உரிமமில்லாமல் உள்ளே வராதே என்று சொல்லும் இடத்தில் இருந்தார்கள் என்பது கசப்பான உண்மை.

அண்ணல் அம்பேத்கர் 1923இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் தொழில் தொடங்கியபோது, உரிமத்துக்கான பணத்துக்கு நண்பர் நவல் பாதேனாவின் உதவியை நாட வேண்டியிருந்தது. லண்டனில் பாரிஸ்டர் பட்டம் பெற்றவருக்கே அந்த நிலை. நூறாண்டு கழித்தும் செங்கத்திலிருந்தோ தண்டராம்பட்டிலிருந்தோ வேலூர், விழுப்புரம் அரசு சட்டக் கல்லூரிகளுக்குச் சென்று படித்துவரும் முதல் தலைமுறை மாணவர், பதிவுக் கட்டணத்துக்குக் கடன் தேட வேண்டியிருந்தது. உரிமம் இல்லாதோர் நம்மிடையே மிகுதியாக இருப்பதற்குத் திறமைக் குறைவு காரணமன்று, வாயில்காவல்தான் காரணம்.

செய்ய வேண்டியவை

செயற்பாட்டாளர்களுக்குச் சில எச்சரிக்கைகள். கறுப்புக் கோட்டோ வழக்கறிஞர் முத்திரையோ எந்த நிலையிலும் வேண்டாம். மனுவில் கையெழுத்து பாதிக்கப்பட்டவருடையதாகவே இருக்கட்டும். தீருதவித் தொகையிலிருந்தும், வழக்கை ஏற்கும் வழக்கறிஞரிடமிருந்தும் ஒரு ரூபாய்கூடப் பெறாதீர்கள்; அந்த ஒரு ரூபாய் சட்டத்தின் பார்வையில் உங்களைத் தரகராக்கிவிடும். ‘வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 15ஏ(12) பிரிவின்படி இவருடைய உதவியைப் பெறுகிறேன்’ என்று பாதிக்கப்பட்டவர் எழுதிக் கையொப்பமிட்ட ஒரு தாள் எப்போதும் கையில் இருக்கட்டும்.

அரசும் நீதித்துறையும் செய்ய வேண்டியவையும் உண்டு. 15ஏ(12) உரிமையை விளக்கும் சுற்றறிக்கை ஒவ்வொரு காவல் நிலையத்துக்கும் செல்ல வேண்டும். 45ஏ பிரிவின் கீழ் பட்டியல் தயாரிப்போர், வன்கொடுமை வழக்குகளில் துணைநிற்போர்மீது வரும் புகார்களைப் ‘பொதுப் பெயர்’ என்ற அளவில் ஏற்காமல், கைம்மாறு பெற்றதற்கான சான்றைக் கேட்க வேண்டும். சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் தன்னார்வலர்களாகச் சேரியிலிருந்து இளைஞர்களையும் பெண்களையும் தேர்ந்தெடுத்துப் பயிற்சியும் அடையாள அட்டையும் தர வேண்டும். 2025 பிப்ரவரியில் ஒன்றிய அரசு வெளியிட்ட வழக்கறிஞர்கள் சட்டத் திருத்த வரைவு, வழக்கறிஞர்களின் எதிர்ப்பால் திரும்பப் பெறப்பட்டது. மறுவரைவு வரும்போது, ‘தொழில் புரிதல்’ என்பதற்கான விளக்கத்தில், ஊதியம் பெறாமல் வன்கொடுமைக்கு ஆளானோருக்கு உதவுவது அடங்காது என்ற ஒற்றை வரியைச் சேர்க்குமாறு தலித் வழக்கறிஞர் அமைப்புகள் வற்புறுத்த வேண்டும்.

இனி ஒரு காவல் நிலையத்தில் ‘நீ என்ன வக்கீலா?’ என்ற கேள்வி எழுந்தால், தலைகுனிந்து வெளியேறத் தேவையில்லை. ‘இல்லை. இவருக்குத் துணையாக வந்திருக்கிறேன். அதற்குச் சட்டம் இடம் கொடுத்திருக்கிறது. முதலில் புகாரைப் பதிவு செய்யுங்கள்’ என்று சொன்னால் போதும்.